ஓலையில் ஆழ்வார்களின் விளக்கு: ஐந்தாம் முயற்சி

பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரின் முதல் வெண்பாக்களை ஓலையில் கீறி எழுத முயன்றுவருகிறேன். நான்கு ஓலைகள் பாழான பிறகு, ஐந்தாவது ஓலையில் பொய்கையாழ்வாரின் முதல் வெண்பா நேற்று மாலை முதலெழுத்து முதல் கடைசி எழுத்து வரை தெளிவாகத் தெரிந்தது. அந்த மகிழ்ச்சியில்தான் இதை எழுதுகிறேன். கீறுவதில் கை ஓரளவு பழகிவிட்டது. மூன்று வாரங்களாக என்னைத் தடுத்து நிறுத்தியது, கீறிய எழுத்து தெரியக் கரி தடவும் மையாடல்தான்.

முதல் ஓலையில் கீறல் ஆழமில்லாததால், கரியைத் துடைத்தபோது எழுத்தும் சேர்ந்து போயிற்று. இரண்டாவதில் அழுத்திக் கீறியதால், ககரத்தின் கிடைக்கோடு நரம்போடு ஓடி ஓலையைப் பிளந்துவிட்டது. அடுத்த இரண்டிலும் மெருகு போதாமல், சொரசொரப்பான இடமெல்லாம் கரி பிடித்துக்கொண்டு, எழுத்து எது, கறை எது என்று பிரிக்க முடியவில்லை. இம்முறை ஓலையை நன்றாகத் தேய்த்து வழவழப்பாக்கி, அகல் சுடரின் மேல் கவிழ்த்த மண்சட்டியில் படிந்த கரியைச் சில துளி நல்லெண்ணெயில் குழைத்து, பழைய வேட்டித் துணியால் குறுக்காக மட்டும் தேய்த்தேன். நீளவாட்டில் தேய்த்தால் கரி கீறலுக்குள் நிற்பதில்லை. ‘வையம் தகளியா வார்கடலே நெய்யாக’ என்ற அடி விளக்கின் கரியாலேயே தெரிய வந்தபோது சிறிது நேரம் கையை எடுக்க மனம் வரவில்லை.

பழைய சுவடிகளின் முறைப்படி மெய்யெழுத்துக்குப் புள்ளி இடாமல், ‘ா’ என்ற துணைக்காலுக்கும் ரகரத்துக்கும் ஒரே வடிவம் கொடுத்து எழுதுகிறேன். அதனால் ‘வார்கடலே’ என்பதில் வகரத்தை அடுத்து ஒரே கோடு இரண்டு முறை வருகிறது. பூதத்தாழ்வாரின் ‘நாரணற்கு’ என்பதிலும் அப்படியே. பாட்டு மனப்பாடமாக இல்லாதவர் இவ்விடங்களில் தடுமாறவே செய்வார்.

இவ்வளவு மெதுவாக எழுதியதால்தான், பல ஆண்டுகளாகச் சொல்லிவந்த பாட்டில் கவனிக்காத ஒன்று கண்ணில் பட்டது. பொய்கையார் உலகை அகலாகவும் கடலை நெய்யாகவும் கதிரவனைச் சுடராகவும் வைக்கிறார்; திரியைச் சொல்லவே இல்லை. பூதத்தார் அன்பை அகலாகவும் ஆர்வத்தை நெய்யாகவும் கொண்டு, ‘இன்புருகு சிந்தை இடுதிரியா’ என்று திரியையும் சேர்த்த பிறகே ஞானச்சுடரை ஏற்றுகிறார். கதிரவன் யாரும் ஏற்றாமலே எரிபவன். உள்ளே ஏற்றும் விளக்குக்கோ எரிந்து கரைய ஒன்று வேண்டும், அது பாடுபவரின் சிந்தையே என்று எனக்குப் படுகிறது. அப்பரும் நான்காம் திருமுறையில் உடம்பாகிய மனைக்குள் விளக்கேற்றும்போது ‘உயிரெனும் திரிமயக்கி’ என்று திரியை மறக்காமல் சொல்கிறார்.

ஓலை தருபவரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். சென்ற முறை வந்த கட்டில் பாதி முற்றிப்போனவை, வளைத்தாலே முறிந்தன. இனி நேரில் போய், வளைத்துப் பார்த்துத்தான் வாங்கப் போகிறேன். தாளிப்பனை ஓலை கிடைத்தால் அப்பரின் ‘விறகில் தீயினன்’ பாட்டை அதில் எழுத ஆசை. விறகில் தீயும் பாலில் நெய்யும் போல மறைந்து நிற்கும் சோதி, கடைந்தால் முன்னே நிற்கும் என்கிறது அது. கீறி முடித்து, இன்னும் மையாடாத ஓலையைக் கையில் வைத்திருக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பாட்டே நினைவுக்கு வருகிறது.

பூதத்தாரின் ஓலைக்கு இன்று காலை மை ஏற்றினேன். ‘ஞானத் தமிழ்’ என்ற இடத்தில் மட்டும் சற்று மங்கல். பேயாழ்வாரின் ஓலை கீறிய நிலையில் இருக்கிறது. திருக்கோவலூரில் ஒரு வீட்டின் குறுகலான இடைகழியில் இருளும் மழையுமாக இருந்த இரவில் மூவரும் நெருக்குண்டு நின்றதாகச் சொல்லும் மரபில், மூன்றாமவர் எந்த விளக்கையும் ஏற்றுவதில்லை. ஒரே வெண்பாவில் ஐந்து முறை ‘கண்டேன்’ என்கிறார். அந்த ஐந்து இடங்களும் இப்போது சாய்த்துப் பிடித்தால் மட்டுமே தெரிகின்றன. சட்டியில் இருந்த கரி தீர்ந்துவிட்டதால், இன்றிரவு மறுபடியும் அகல் ஏற்ற வேண்டும்.