வீட்டு இணையத்தைத் தறிக்குடோன் வரை கொண்டுபோன அனுபவம்

சோமனூர்ப் பக்கம் தோட்டத்துக்குள் எங்கள் வீடு இருக்கிறது. அங்கிருந்து 200 அடி தள்ளித் தறிக்குடோன். வீட்டில் எனக்கும் மகளுக்கும் ஆளுக்கொரு மடிக்கணினி, குடோனில் அண்ணன் கூலிக் கணக்கும் இ-வே பில்லும் போடுகிற மேசைக் கணினி என மூன்றுக்கும் சேர்த்து இருப்பது 200 எம்பிபிஎஸ் ஃபைபர் இணைப்பு ஒன்றுதான். குடோனுக்கென்று தனி இணைப்பு எடுத்து மாதம் இன்னொரு பில் கட்ட அண்ணனுக்கு மனம் வரவில்லை, எனக்கும்தான்.

வைஃபையை நம்பிப் பயனில்லை என்பது ஒரே நாளில் தெரிந்துவிட்டது. 5 கிகாஹெர்ட்ஸ் அலை வீட்டுச் சுவரைத் தாண்டவே திணறியது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை களம் வரை வந்து, குடோனின் தகரத்தில் பட்டு நின்றுவிட்டது. ஆகவே கேபிள் இழுப்பதென முடிவு செய்தேன். செம்புக் கம்பி லேன் (LAN, உள் வலையமைப்பு) கேபிளுக்கு 100 மீட்டர் என்ற வரம்பு உண்டு. எங்கள் தொலைவு வளைவு நெளிவுகளையும் சேர்த்து 75 மீட்டருக்குள் அடங்கியதால் கவலையில்லை. கடையில் முதலில் எடுத்துக் காட்டியது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய மலிவுக் கேபிள். முழுச் செம்பில் கேட் 6 (Cat 6) ரகக் கேபிள்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கி, பிவிசி குழாய்க்குள் செலுத்தி, வரப்போரம் புதைத்தோம்.

கேபிள் போய்ச் சேர்ந்த இடத்தில், வீட்டில் சும்மா கிடந்த பழைய ரவுட்டரை வைத்து, அதன் வேன் (WAN, வெளியிலிருந்து இணையம் வருவதற்கான) துளையில் கேபிளைச் செருகினேன். அண்ணனின் கணினியில் இணையம் வந்தது, ஆனால் வீட்டிலிருக்கும் பிரிண்டர் அதற்குத் தெரியவில்லை. பழைய ரவுட்டர் தனக்குப் பின்னால் இன்னொரு வலையமைப்பை உருவாக்கி, அண்ணனைத் தனிக்குடித்தனம் வைத்துவிட்டது. அதைச் சரிசெய்வதாக எண்ணி, வேறு எதையும் மாற்றாமல் கேபிளை லேன் (உள் கணினிகளை இணைப்பதற்கான) துளைக்கு மாற்றியதுதான் நான் செய்த பெரிய தவறு. வீட்டின் முதன்மை ரவுட்டரின் முகவரி 192.168.1.1. இரண்டு ரவுட்டர்களுமே டிஹெச்சிபி (DHCP) என்ற தானியங்கி வசதி வழியாகக் கணினிகளுக்கு முகவரி வழங்கிக்கொண்டிருந்தன. அதன்பின் எந்தக் கணினி எந்த ரவுட்டரிடம் முகவரி வாங்கும் என்று சொல்ல முடியாத நிலை. மகளின் வகுப்பு பாதியில் அறுந்தது. குடோனிலிருந்து அண்ணன், "ஏந்தம்பி, நெட்டு வருலியே" என்று பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அழைத்தார்.

இரண்டு நாள் கழித்து, பழைய ரவுட்டரை எல்லாவற்றிலிருந்தும் பிரித்து, மடிக்கணினியோடு மட்டும் கேபிளால் இணைத்து உட்கார்ந்தேன். முதலில் அதன் முகவரியை 192.168.1.2 என்று மாற்றினேன். பிறகு அந்தப் புதிய முகவரியில் நுழைந்து டிஹெச்சிபியை நிறுத்தினேன். இந்த வரிசை முக்கியம், ஏனெனில் டிஹெச்சிபியை முதலில் நிறுத்திவிட்டால், மடிக்கணினிக்கு நாமே கையால் முகவரி கொடுத்துத்தான் மீண்டும் உள்ளே நுழைய நேரிடும். முதன்மை ரவுட்டர் வழங்கும் முகவரிகளையும் 192.168.1.20 முதல் தொடங்குமாறு அமைத்தேன். இல்லாவிட்டால் அந்த 192.168.1.2ஐ அது யாருடைய கைபேசிக்காவது கொடுத்துவிடும். கடைசியாக இரு முனைகளையும் லேன் துளைகளிலேயே செருகியதும் மூன்று கணினிகளும் ஒரே வலையமைப்புக்குள் வந்தன, பிரிண்டரும் தெரிந்தது.

ஆனாலும் குடோனில் வேகம் 94 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டவில்லை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டு இழைகளில் நான்கு போதும், ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும் என்பதால், ஏதோ ஓர் இழை சரியாகப் பிடிக்கவில்லை என்று ஊகித்துச் சோதித்தேன். நான் கிரிம்ப் செய்த (கனெக்டரை அழுத்திப் பொருத்திய) முனையில் பழுப்பு இழை ஊசியைத் தொடவே இல்லை. முனையை வெட்டி, வேறு கனெக்டர் போட்டபின் 190க்கு மேல் வந்தது.

ஒரு குறை மட்டும் மீதி இருக்கிறது. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே செம்புக் கம்பி ஓடினால், அருகில் விழும் இடியின் மின்னழுத்தம் அதன் வழியே கருவிகளைத் தாக்கக்கூடும். அந்த இடத்துக்கு ஃபைபர் கேபிளே பொருத்தமானது. அதை மாற்றும்வரை, ஐப்பசி மழையில் மேகம் கறுத்தால் இரு முனைகளையும் கழற்றிவிடுகிறோம். அண்ணனும் அந்த நேரத்தில் அழைப்பதில்லை.