பாஸ்போரஸில் 6.5 கி.மீ.: பயிற்சி விட்டுப்போனவர்களுக்கு

ஆசியக் கரையில் குதித்து ஐரோப்பியக் கரையில் ஏறலாம், அதுவும் 2 மணி நேரத்துக்குள்! 1989இலிருந்து இஸ்தான்புல்லின் பாஸ்போரஸ் நீரிணையில் நடந்துவரும் நீச்சல் போட்டி இது, இப்போதெல்லாம் ஆகஸ்டில். கான்லிஜாவில் தொடக்கம், குருசெஷ்மேயில் முடிவு. அன்று காலை எண்ணெய்க் கப்பல்களை எல்லாம் நிறுத்திவிட்டு நீரிணையையே நீச்சல்காரர்களுக்கு விட்டுக் கொடுக்கிறார்கள். 1966இல் நம் பாக் நீரிணையைக் கடந்த நீச்சல் வீரர் மிஹிர் சென், அதே ஆண்டு பாஸ்போரஸிலும் நீந்தியவர். இதைவிட நல்ல காரணம் வேண்டுமா டிக்கெட் போட?

முதலில் பணத்தைக் காப்பாற்றுங்கள். சுற்றுலாப் பயணிகள் குவியும் பழைய நகரமான சுல்தானஹ்மத்தில் அறை எடுக்கவே எடுக்காதீர்கள். போட்டி நாள் காலையில் அங்கிருந்து, தொடக்க இடத்துக்குப் படகேறும் குருசெஷ்மே வர டாக்ஸிதான் கதி என்று ஆகிவிடும். கடலோரச் சாலையோ ஒர்த்தாகோய் அருகே எப்போதும் நெரிசல். வண்டி நின்றாலும் மீட்டர் நிற்காது. மீட்டரே போடாமல் மொத்தமாக ஒரு தொகை சொல்பவர் வண்டியில் ஏறாதீர்கள், அது பகல் கொள்ளை. பெஷிக்தாஷில் தங்கினால் சுமார் 4 கி.மீ.தான், நடந்தே போய்விடலாம். மற்ற நாட்களுக்கு இஸ்தான்புல்கார்ட் ஒன்று போதும். பஸ், டிராம், படகு எல்லாவற்றுக்கும் அதே அட்டை.

இனி நீச்சல். நீச்சல் குளத்தில் 3 கி.மீ. நிற்காமல் நீந்த முடியாதவர் இந்த வருடம் பெயர் கொடுக்க வேண்டாம். முடியும், ஆனால் பழைய வேகம் இல்லை என்பவர்களுக்குத்தான் இது.

கிளம்பும் முன் உங்கள் உண்மையான வேகத்தைக் கண்டுபிடியுங்கள். 400 மீட்டரை முழு மூச்சில் நீந்தி நேரம் எடுங்கள். நன்றாக ஓய்வெடுத்து 200 மீட்டருக்கும் எடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் பாதிதான் உங்கள் 100 மீட்டர் வேகம். 400க்கு 9:20, 200க்கு 4:20 என்றால் வித்தியாசம் 5 நிமிடம். ஆக 100க்கு 2:30. அதோடு 10 நொடி கூட்டி 2:40இல் நீந்துங்கள். மூன்று வருடம் முன்பு 2:05இல் நீந்தியதை மறந்துவிடுங்கள். அந்த நினைப்புதான் ஆளைக் கவிழ்க்கும்.

எங்கே கவிழும்? முதல் 300 மீட்டரில். படகிலிருந்து நூற்றுக்கணக்கானவர்கள் அடுத்தடுத்துக் குதிக்கிறார்கள், எல்லோரும் பறக்கிறார்கள், நீங்களும் பறப்பீர்கள். நேரம் தெரியாது, ஏனென்றால் சுவரும் கிடையாது, லேனும் கிடையாது. எனவே மூச்சைத்தான் பார்க்க வேண்டும். மூன்று கை வீச்சுக்கு ஒரு மூச்சு எடுக்க முடியாமல் திணறினால் வேகம் அதிகம். வழியில் தலைக்கு மேல் வரும் ஃபாத்திஹ் பாலத்துக்கு அடியில் போகும்வரை இந்தக் கணக்கை விடாதீர்கள். உதைப்பதையும் குறையுங்கள், கால்கள் பெரிய தசைகள், பிராணவாயுவை அவையே தின்றுவிடும். கெண்டைக்கால் இழுத்துக்கொள்வதும் அதிக உதையால்தான். இழுத்தால் மல்லாந்து படுத்து, பெருவிரலைப் பிடித்து முழங்கால் பக்கம் இழுங்கள்.

இன்னொன்று, இந்தத் தண்ணீர் நம் கடல்போல் மிதக்க வைக்காது. கருங்கடலிலிருந்து வரும் மேல்நீரில் உப்பு லிட்டருக்கு சுமார் 18 கிராம்தான், பெருங்கடலில் பாதி. மெரினாவில் மிதந்த இடுப்பு இங்கே கொஞ்சம் தாழும். தலையை முழுதாகத் தூக்கி வழி பார்த்தால் இன்னும் தாழும். 20 வீச்சுக்கு ஒருமுறை முதலைபோல் கண்ணை மட்டும் வெளியே எடுங்கள். இவ்வளவு பெரிய பாலங்கள் இருக்கும்போது அது போதும். ஜெல்லி மீன்கள் கையில் வழுக்கும். நிலா ஜெல்லிகள்தான், பயப்பட வேண்டாம்.

நடுப்பகுதியில் நீரோட்டமே இழுத்துக்கொண்டு போகும். கரையோரம் ஒதுங்காதீர்கள், அங்கே எதிரோட்டமும் சுழலும். சோர்ந்த ஆளுக்கு முழங்கை தண்ணீருக்குள் தொங்கிப்போகும். கை தண்ணீரைப் பின்னால் தள்ளாமல் கீழே அழுத்தும். அப்போது வேகமாக வீசாதீர்கள். பத்து வீச்சு நிதானமாக, விரல் நுனி தரையைப் பார்க்க, முழங்கை உயர இருக்கும்படி போடுங்கள்.

மிச்சம் பிடித்த பலம் எல்லாம் கடைசிக் கட்டத்துக்கு. ஓட்டத்திலிருந்து வலப்பக்கம் 300 மீட்டர் வெட்டிப் போக வேண்டும் என்று வையுங்கள். ஓட்டம் நொடிக்கு 1 மீட்டர் என்றால், 2:40 வேகத்தில் அந்த 300க்கு 8 நிமிடம் ஆகும். அதற்குள் ஓட்டம் உங்களை 480 மீட்டர் கீழே தள்ளியிருக்கும். கை ஓய்ந்து வேகம் 3:20 ஆகிவிட்டால் 10 நிமிடம், 600 மீட்டர்! முடிவிடத்தைத் தாண்டிவிட்டால் ஓட்டத்தை எதிர்த்துத் திரும்புவது நடக்காத காரியம், மீட்புப் படகுதான். அதனால் குருசெஷ்மே எதிரிலுள்ள சின்னத் தீவு தெரிய ஆரம்பித்ததுமே வலப்பக்கம் சாயத் தொடங்குங்கள். வேகமானவர்கள் நேரே போகட்டும், அவர்கள் பின்னால் போகாதீர்கள்.

முந்தைய இரவு தள்ளுவண்டி கோழி பிலாவ் சாப்பிடுங்கள். கொண்டைக்கடலை போட்ட சோறு, மலிவு, வயிற்றைக் கெடுக்காது. கெபாப் எல்லாம் போட்டிக்குப் பிறகு. கழுத்திலும் அக்குளிலும் வாசலின் தடவாமல் இறங்கினால் மறுநாள் சட்டை போட முடியாது. கரையேறும்போது அவசரமாக எழுந்து நிற்காதீர்கள், தலை சுற்றும்.

அடுத்த நாள் படகேறி மறுபடி கான்லிஜா போங்கள், ஆனால் தயிர் சாப்பிட. கெட்டித் தயிர்மேல் பொடித்த சர்க்கரையைக் குவித்துத் தருவார்கள். நீந்திய தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இரண்டு கிண்ணம், தாராளமாக.