ரசீது 30,000-க்கு, கடன் 1,10,000-க்கு

மொரிஷியஸ் ஆடை ஆலைகளுக்கு சோஷியல் ஆடிட் (தொழிலாளர் நிலைமையைச் சோதிக்கும் ஆய்வு) போகிறவர்களுக்கு, இந்தியாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களிடம் பழகிப்போன பதில்: "ஏஜெண்டுக்கு ஒண்ணும் கொடுக்கல சார்." விமானம் ஏறும் முன்பே சொல்லிக்கொடுத்து அனுப்புவது. அதனால் கட்டணத்தைப் பற்றிக் கேட்பது வீண். ஊரில் கடன் எவ்வளவு, யாரிடம் வாங்கியது, மாதம் வட்டி என்ன என்று கேட்க வேண்டும். கடன் வாங்கிய மாதமும் விசா வந்த மாதமும் ஒட்டி நின்றால் மிச்சம் தானாக வரும். ஆலைக்குள்ளும் வராது, ஹாஸ்டலிலும் வராது. வார்டன் காதை அங்கேயே வைத்திருப்பார்.

கட்டிங் செக்‌ஷன் பையன், சிவகங்கைப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை, காத்ர் போர்ன் ஊர் மலை முருகன் கோவில் படியில் வைத்துச் சொன்னான். ரசீது 30,000 ரூபாய்க்கு. இந்தியக் குடிபெயர்வு விதிகள் ஏஜெண்டுக்கு அனுமதிக்கும் உச்சவரம்பு அதுதான், ஜிஎஸ்டி தனி. மீதி 80,000 ரொக்கம், அம்மாவின் நகை அடகில். "எங்க ஊர்க்காரர்கிட்டதான் குடுத்தேன் சார். எழுதிராதீங்க, அவர் காதுக்குப் போயிரும்."

ஆலையிடம் ஆடை வாங்கும் பிராண்டுகளின் விதிப்படி ரசீது உள்ள 30,000-மும் தவறு. ஐஎல்ஓ (சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு) 2018-இல் வகுத்த வரையறையில் மருத்துவப் பரிசோதனை, காப்பீடு, பயிற்சி, பயணம் எல்லாமே வேலைக்கு எடுப்பவர் செலவு. மேனேஜர்கள் இந்தியச் சட்டத்தைக் காட்டுவார்கள். சட்டப்படி சரிதானே என்று முகத்தை வைத்துக்கொள்வார்கள்.

'தமிழ் பேசும் தொழிலாளி, கட்டிங்' என்று எழுதினால் அவன் யாரென்று அன்றைக்கே தெரிந்துவிடும். அங்கே தமிழர் நான்கே பேர். வேலை அனுமதி அந்த முதலாளியோடு கட்டியது. வேலை போனால் கடனோடு ஊர் திரும்ப வேண்டியதுதான். எனவே அறிக்கையில் மொழியையும் செக்‌ஷனையும் எடுத்துவிட்டு, 'இந்தியாவிலிருந்து வந்தவர்களில் சிலர்' என்று போட்டேன். பிராண்டிடமிருந்து வந்த பதில்: ஆதாரம் போதாது.

அப்படி மறைத்து எழுதியது சரிதான் என்று இன்றும் வாதாடுவேன். எழுத வேண்டாமென்று அவனே கேட்டான். ஆனால் ஒருவன் வாய்மொழியை நம்பியிருக்க வேண்டியதில்லை. அதே ஏஜெண்ட் அனுப்பிய எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேட்டு, சராசரி போட்டு, ரசீது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அனைவருக்கும் பணத்தைத் திருப்பித் தர ஆலையிடம் சொல்லும் வழி உண்டு. வேலையை விட்டுப் போனவர்களையும் தேடிப் பிடிக்க வேண்டும். பெரும்பாலும் அங்கேதான் கணக்கு நின்றுபோகும். அதற்கு இன்னும் சில ஞாயிறுகள் வேண்டும். பிராண்ட் ஒதுக்கியது ஒன்று.

அப்படியே உத்தரவு வந்தாலும் பணம் எங்கிருந்து வரும்? ஓர் ஆடைக்குத் தரும் விலையை பிராண்ட் ஏற்றாது. ஆலை ஓவர்டைமில் கைவைக்கும். மொரிஷியஸின் 2019 தொழிலாளர் உரிமைச் சட்டப்படி வாரம் 45 மணி நேரத்துக்கு மேல் ஒன்றரை மடங்கு தர வேண்டும். அதில் மணியைக் குறைத்து எழுதுவது சுலபம். திருப்பிய பணம் வேறு வழியில் திரும்ப ஆலைக்கே போய்ச் சேரும். இது உண்மையா, எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானமா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை.

எழுதாதீங்க என்றவன், நான் கொடுத்த கார்டில் இருக்கும் எண்ணைப் பார்த்து மாதம் ஒருமுறை கூப்பிடுகிறான். "அது என்னாச்சு சார்?"