முடி சூடின கோமாளி

"பெரியப்பா, இதைக் கொஞ்சம் கேளுங்கோ."

டச்சுபே கடற்கரை மணலில் இருந்து போனை நீட்டினேன். புதுப்பாட்டுகளைப் பழைய பாணியில் பாடுற போஸ்ட்மாடர்ன் ஜூக்பொக்ஸ் குழு 2013இல் போட்ட காணொளி. லோர்ட் எண்ட பாடகியின் 'ரோயல்ஸ்' பாட்டு. பாடுறது வெள்ளை உடுப்பில், முகம் முழுக்க வெள்ளை பூசின நெட்டைக் கோமாளி. முகத்தில் சிரிப்பில்லை. குரல் மட்டும் அடிவயிற்றிலிருந்து எழும்புது.

பெரியப்பா பார்த்தது கோமாளியின் தலையில் இருந்த குட்டிக் கிரீடத்தை.

"ராசா வேசமோ?"

"நாங்க ஒருநாளும் ராசாவாக மாட்டம் எண்டுதான் பாட்டே, பெரியப்பா."

அவர் ஒண்டும் பேசேல்ல. வடமோடி எண்ட எங்கட பாரம்பரியக் கூத்தில் எத்தனையோ இரவு முடி சுமந்த தலை. விடிஞ்சால் வலையோட கடலுக்கு.

திரும்பப் போடச் சொன்னார். இந்த முறை வலது கை தொடையில் மத்தளம் தட்டினது. பிறகு, இப்ப ஊரெல்லாம் ஓடுற சினிமாப் பாட்டொண்டின் பல்லவியைக் கூத்து மெட்டில் இழுத்தார்.

பழைய மெட்டு புதுப்பாட்டைக் கெடுக்கேல்ல. உள்ளுக்குள்ள இருந்த துக்கத்தை வெளியில கொண்டு வந்துது.

நான் போனை நிப்பாட்டிப்போட்டு அவரைக் கேட்டுக்கொண்டிருந்தன்.