பாத்து

2024 ஜூலை 6

விமானம் ஓட்டக் கற்கப் போகிறேன். அதற்கான மெடிக்கல் முடிந்தது. இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்று. இதை எந்த டாக்டரிடமும் போய் வாங்கிவிட முடியாது; விமானிகளைப் பரிசோதிக்கவென்றே தென்னாப்பிரிக்க சிவில் ஏவியேஷன் அத்தாரிட்டி அங்கீகரித்த டாக்டர்கள் இருக்கிறார்கள். ரத்த அழுத்தம், சிறுநீர், காது, அப்புறம் வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்களைப் படிப்பது. எனக்குக் கிட்டப்பார்வை. கண்ணாடி போட்டுக்கொண்டு தாராளமாகப் பறக்கலாம், ஆனால் மாற்றுக் கண்ணாடி ஒன்று எப்போதும் கூடவே இருக்க வேண்டும்.

பறக்கக் கற்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதுதான்: வேறு எதற்கும் ஒரு ராண்ட் எடுத்து வைக்கும் முன் மெடிக்கலை முடித்துவிடுங்கள். அடுத்து, பணத்தை மொத்தமாகக் கட்டிவிடாதீர்கள். இரண்டு வருஷம் முன்னால் வேறோர் ஊரில் ஒரு பயிற்சிப் பள்ளியில் தள்ளுபடி என்று சொன்னதை நம்பி முன்பணம் கட்டினேன். ஒரு தடவைகூட விமானத்தில் ஏறவில்லை, பள்ளியை மூடிவிட்டார்கள். மருந்துக்கடையில் நின்று நின்று சேர்த்த காசு. இன்று நினைத்தாலும் வயிறு எரிகிறது. இப்போது சேர்ந்திருக்கும் இடத்தில் ஒவ்வொரு முறை பறந்து இறங்கியதும் அன்றைய காசைக் கொடுத்துவிட்டு வரலாம்.

விதிப்படி 16 வயதில் மாணவ விமானி ஆகலாம், 17 வயதில் லைசென்ஸ் வாங்கலாம். குறைந்தது 45 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் 25 மணி இன்ஸ்ட்ரக்டரோடு, 15 மணி தனியாக. பெரும்பாலானவர்களுக்கு 45 போதாது. எனக்கு வயது 36. அவசரமில்லை.

2024 ஜூலை 20

டர்பனின் வர்ஜீனியா விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது. ஒரு பக்கம் நெடுஞ்சாலை, இன்னொரு பக்கம் மணலும் அலையும். ரன்வே ஒரு கிலோமீட்டர்கூட இல்லை.

இன்று பறந்ததைவிடத் தரையில் நின்ற நேரம்தான் அதிகம். பழைய செஸ்னா 172. சுற்றி வந்து ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்க வேண்டும்: இறக்கையின் கீல்கள், டயர், எண்ணெய்க் குச்சி, காற்றழுத்தம் அளக்கும் குழாயின் வாய். இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு. கண்ணாடிக்குப்பி மாதிரி ஒரு குழலை அதில் அழுத்தினால் பெட்ரோல் கொஞ்சம் இறங்கும். இளநீல நிறம். அதை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்க்கச் சொன்னார் இன்ஸ்ட்ரக்டர். குழலின் அடியில் மிளகளவு ஒரு மணி உருண்டுகொண்டிருந்தது. தண்ணீர். டாங்க்கில் காலியிடம் இருந்தால் கடற்கரையின் ஈரக்காற்று ராத்திரியில் உள்ளே வேர்த்துவிடும். எடை கூடின தண்ணீர் அடியில் தங்கிவிடும். மேலே ஏறும்போது அது எஞ்சினுக்குள் போனால் என்ன ஆகும் என்று அவர் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. மணி வராத வரைக்கும் மூன்று தடவை வடித்தேன்.

இன்ஸ்ட்ரக்டருடைய முப்பாட்டனார் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவர். இவரிடம் மிச்சமிருக்கும் தமிழ் நாலைந்து சொல். “வா”, “போதும்”, “மெல்ல”, “பாத்து”. மற்றதெல்லாம் இங்கிலீஷ்தான். ஆனால் காக்பிட்டில் அவசரம் வந்தால் அந்த நாலைந்துதான் முதலில் வருகிறது.

2024 ஆகஸ்ட் 25

ஐந்தாவது வாரமாக இறங்கவே பழகிக்கொண்டிருக்கிறேன். ஏறுவது, திரும்புவது, வேகம் குறைந்து இறக்கை தூக்குவதை நிறுத்தும் ஸ்டால், மூக்கைத் தாழ்த்தி அதிலிருந்து மீள்வது, இவையெல்லாம் கைக்கு வந்துவிட்டன. இறங்குவதுதான் வரவில்லை. 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் சரியாகத்தான் கொண்டுவருவேன். தரைக்கு இருபதடி இருக்கும்போது மூக்கை இழுத்துச் சமப்படுத்த வேண்டும். ஒன்று சீக்கிரம் இழுத்து அந்தரத்தில் நின்று தொப்பென்று விழுவேன், இல்லை பிந்தி இழுத்துப் பந்து மாதிரி எகிறுவேன்.

இன்று ஆறாவது முறை எகிறியபோது அவர் கேட்டார், “கண் எங்கே இருக்கு?” யோசித்தேன். மூக்குக்கு நேர் கீழே ஓடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தில் இருப்பதை உற்றுப் பார்த்தால் எல்லாம் விரைந்து ஓடும், உயரம் பிடிபடாது. “ரன்வேயின் அந்தக் கடைசியைப் பார். தரை தானாக எழுந்து வரும்.”

ஏழாவது முறை அந்தக் கடைசியைப் பார்த்தேன். இரு ஓரமும் மெல்ல விரிந்து மேலே எழும்பி வந்தது, அப்போது இழுத்தேன். சக்கரம் தொட்டதே தெரியவில்லை. எட்டாவது முறை மறுபடி எகிறினேன். பரவாயில்லை, எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

2024 செப்டம்பர் 14

படிப்பு. விமானச் சட்டம், வானிலை, வழிகாணல், பறத்தலின் கோட்பாடு, விமானத்தின் பொறிநுட்பம், திட்டமிடல், மனித உடலும் மனமும். ஒவ்வொன்றிலும் நூற்றுக்கு 75 எடுக்க வேண்டும். ரேடியோவுக்குத் தனிச் சான்று.

நான் திருநெல்வேலியில் படித்தவள். வடகோளத்தில் எழுதிய புத்தகம் ஒன்றை வாங்கி மனப்பாடம் செய்துவிட்டு மாதிரித் தேர்வில் வரிசையாகத் தப்பு விட்டேன். வங்கக்கடல் புயல் இடஞ்சுழி. இங்கே தாழ்வழுத்தம் வலஞ்சுழி. அங்கே காற்றுக்கு முதுகு காட்டி நின்றால் தாழ்வழுத்தம் இடக்கைப் பக்கம். இங்கே வலக்கைப் பக்கம். காந்த ஊசியும் அப்படித்தான். வடக்கு நோக்கித் திரும்பும்போது அங்கே ஊசி காட்டும் வடக்குக்கு முன்பாகவே நிறுத்த வேண்டும். இங்கே கடந்து போய் நிறுத்த வேண்டும். புத்தகம் வாங்குகிறவர்கள் அது தென்கோளத்துக்கு எழுதியதா என்று பார்த்து வாங்குங்கள்.

இன்னொன்று. தமிழ்நாட்டில் காந்த வடக்குக்கும் மெய்யான வடக்குக்கும் வித்தியாசம் ஓரிரு டிகிரிதான், யாரும் கவலைப்படுவதில்லை. டர்பனில் 20 டிகிரிக்கும் மேல், மேற்கே. வர்ஜீனியா ரன்வேயின் பெயர் 05, அதாவது திசைமானியில் ஏறக்குறைய 50 டிகிரி. வரைபடத்தில் அளந்து பார்த்தால் அதைவிட எவ்வளவோ வடக்கே சாய்ந்து கிடக்கிறது. நான் தினமும் ஓடுகிற ரன்வே அது, இன்றுதான் கவனித்தேன்.

2024 நவம்பர் 16

1860-ல் இதே தேதியில்தான் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் கரும்புத் தோட்டங்களுக்கான முதல் ஒப்பந்தக் கூலிகள் 342 பேரோடு டர்பனுக்கு வந்து சேர்ந்தது. டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் என் கணவரின் ஆயா (பாட்டி) காலையிலேயே விளக்கேற்றிவிட்டு, “இன்னைக்குத் தனியா போவியா கண்ணு? பாத்து” என்றார்.

போகவில்லை. கடல்மேல் தாழ்ந்த மேகம், காலை ஏழிலிருந்து பதினொன்று வரை அசையவில்லை. டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

2024 நவம்பர் 17

போனேன்!

மூன்று சுற்று சேர்ந்து பறந்தோம். அவர் கதவைத் திறந்து இறங்கி, காலி சீட்டின் பெல்ட்டை இழுத்துக் கட்டினார். தொங்கிக் கிடந்தால் கட்டுப்பாடுகளில் சிக்கிக்கொள்ளும். “ஒரு சுற்று. ஏதாவது சரியில்லை என்று பட்டால் இறங்காதே, த்ராட்டிலைத் தள்ளி மேலே போய்விடு.” வேறொன்றும் சொல்லவில்லை.

அவருடைய எடை இல்லாததால் விமானம் சட்டென்று எழும்பிவிட்டது, திரும்ப வேண்டிய உயரம் நான் எதிர்பார்த்ததற்கு முன்பே வந்துவிட்டது. கடலுக்கு இணையாகப் போகும்போது வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். கட்டிய பெல்ட் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு நேரமில்லை. கார்புரேட்டர் ஹீட்டை இழுத்தேன். டர்பன் மாதிரி ஈரமான ஊரில் 25 டிகிரி வெயிலிலும் கார்புரேட்டருக்குள் பனி கட்டும். ஃபிளாப், வேகம், டவரின் அனுமதி. ரன்வேயின் அந்தக் கடைசி. “மெல்ல” என்று நானே உரக்கச் சொன்னேன்.

லாக்புக்கில் 0.2 மணி.

2025 ஜனவரி 18

பீட்டர்மாரிட்ஸ்பர்க், இன்ஸ்ட்ரக்டரோடு. வர்ஜீனியா கிட்டத்தட்டக் கடல் மட்டம். பீட்டர்மாரிட்ஸ்பர்க் சுமார் 2,400 அடி உயரத்தில். இறங்கியபோது 30 டிகிரி வெயில். அந்த உயரத்தில் இருக்க வேண்டிய வெப்பநிலை 10 டிகிரி. வெப்பம் கூடினால் காற்றின் அடர்த்தி குறையும், உயரே போன மாதிரி. கூடுதலாக உள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் 120 அடி சேர்த்தால், விமானம் தான் 4,800 அடியில் இருப்பதாகத்தான் நினைக்கும். கணக்கைத் தாளில் போட்டிருந்தேன். திரும்பக் கிளம்பும்போதுதான் அது உடம்பில் ஏறியது. த்ராட்டில் முழுக்க உள்ளே, ரன்வே ஓடிக்கொண்டே இருக்கிறது, சக்கரம் தரையை விடமாட்டேன் என்கிறது. கடற்கரையில் மட்டும் பழகியவர்கள் இதை ஒரு முறையாவது இன்ஸ்ட்ரக்டர் பக்கத்தில் இருக்கும்போது அனுபவித்துவிட வேண்டும்.

2025 பிப்ரவரி 2

காவடி விரதம். தைப்பூசம் முடியும்வரை பறப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். ஒரு வேளைச் சாப்பாட்டோடு, ராத்திரி பஜனை முடிந்து வந்து காலையில் காக்பிட்டில் உட்காரக் கூடாது. நோய், மருந்து, மனக்கவலை, மது, களைப்பு, பசி என்ற ஆறில் ஏதாவது இருக்கிறதா என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்ட பிறகே சாவியை எடுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரியாக ஒன்று சேர்த்துக்கொள்கிறேன்: சளிக்கு விற்கும் மாத்திரைகள் பலவற்றில் தூக்கம் வரும். “சும்மா ஒண்ணு போட்டுக்கிட்டேன்” என்று சொல்லிவிட்டு யாரும் பறக்காதீர்கள்.

2025 மார்ச் 22

வெளியே தெரியாதபடி நெற்றியில் மறைப்பு மாட்டிக்கொண்டு, கருவிகளை மட்டும் பார்த்து ஒரு மணி நேரம். இப்படி ஐந்து மணி வேண்டும். இடது பக்கம் திரும்பிக்கொண்டே இருப்பதாக என் காது சத்தியம் செய்தது. கருவியோ நேராகப் போகிறோம் என்றது. உள்காதின் திரவம் ஒரே திருப்பத்தில் கொஞ்ச நேரம் இருந்தால் அடங்கிவிடும், நேராக்கினால் எதிர்ப்பக்கம் சாய்ந்ததாகச் சொல்லும். காதை நம்பிக் கையை அசைத்தேன். உயரம் 300 அடி போய்விட்டது. மேகத்துக்குள் மாட்டிக்கொள்ளும் புது விமானிகள் ஏன் விழுகிறார்கள் என்று இன்று புரிந்தது.

2025 மே 10

நீண்ட தனிப் பயணம். விதி கேட்பது 150 கடல் மைல், வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி முழுதாக நின்று கிளம்ப வேண்டும். நான் போட்டது வர்ஜீனியா, மார்கேட், பீட்டர்மாரிட்ஸ்பர்க், வர்ஜீனியா. சுமார் 180.

மார்கேட் வரை கரையே வழி. அங்கிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்க் வரைபடத்தில் ஏறக்குறைய நேர் வடக்கு, திசைமானியிலோ வடகிழக்குப் பக்கம் சாய்ந்து போக வேண்டும். உம்சிம்குலு ஆற்றைக் கடந்தேன். இருபதாவது நிமிடத்தில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று வந்தது. உம்கொமாஸ் வந்துவிட்டது என்று மனம் துள்ளியது. ஆற்றின் வளைவுகளை வரைபடத்தில் தேடினேன். தேடினால் எல்லா ஆறும் எல்லா ஆறு மாதிரியும் தெரியும். அப்புறம்தான் கடிகாரத்தைப் பார்த்தேன். உம்கொமாஸுக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. முதலில் கடிகாரம், அடுத்து வரைபடம், கடைசியில்தான் தரை என்று எத்தனை முறை சொல்லிக்கொடுத்தார்! நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். திசையை மாற்றாமல் காத்திருந்தேன். பத்தாவது நிமிடம் பெரிய ஆறு வந்தது.

திரும்பும் வழியில் கரும்புக்காட்டில் தீ வைத்திருந்தார்கள். வெட்டும் காலம். புகை தென்மேற்கிலிருந்து சாய்ந்திருந்தது. காற்று மாறிவிட்டது, ரன்வேயின் மறுபக்கத்திலிருந்து இறங்க வேண்டியிருக்கும் என்று டவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

2025 ஜூன் 21

தேர்வு. கேள்வி, திட்டம், பறத்தல் எல்லாம் சேர்த்து அரை நாள். செங்குத்துத் திருப்பத்தில் 80 அடி இறங்கினேன். ஸ்டால் சரி. டொங்காட்டுக்கு மேற்கே தேர்வாளர் ஒரு வார்த்தை பேசாமல் த்ராட்டிலை இழுத்து, “எஞ்சின் போய்விட்டது” என்றார்.

முதலில் 65 நாட். கார்புரேட்டர் ஹீட். அப்புறம் வயல். பச்சையாக, மெத்தை விரித்த மாதிரி நிற்பது இரண்டாள் உயரக் கரும்பு. சக்கரத்தைப் பிடித்துக் குப்புறக் கவிழ்த்துவிடும். வெட்டி முடித்த பழுப்பு வயல் ஒன்றைப் பிடித்தேன், வரிசைகளின் நீளவாக்கிலேயே, தூரத்துப் புகையைப் பார்த்துக் காற்றுக்கு எதிராக. ஐந்நூறு அடியில் “போதும், ஏறு” என்றார்.

தேறிவிட்டேன். காகிதங்கள் மிட்ராண்டில் இருக்கும் ஏவியேஷன் அத்தாரிட்டிக்குப் போகின்றன.

2025 ஆகஸ்ட் 9

விடுமுறை நாள். லைசென்ஸ் கையில். முதல் பயணி ஆயா, வயது 84.

ஏற்றுவதற்குத்தான் நேரம் பிடித்தது. செஸ்னாவின் சீட் தண்டவாளத்தில் சரியாகப் பூட்டவில்லையென்றால் கிளம்பும்போது பின்னால் வழுக்கிவிடும். இரண்டு சீட்டையும் ஆட்டிப் பார்த்தேன், டக்கென்று விழும்வரை. நான் கையைத் தூக்கினால் பேசக் கூடாது என்று சொல்லிவைத்தேன். தலையாட்டினார்.

டவர் அனுமதியோடு உம்கேனி ஆற்றின்மேல் போனோம். 1917 அக்டோபர் வெள்ளத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு காய்கறித் தோட்டக்காரர்களின் குடியிருப்பு அடித்துக்கொண்டு போனபோது, மாரிமுத்து படவத்தானும் கூட ஐந்து மீனவர்களும் படகு விட்டு 176 பேரைக் கரை சேர்த்த ஆறு இது. ஆயாவின் அம்மா அப்போது கைக்குழந்தை. கூரையிலிருந்து படகுக்குக் கை மாற்றினார்களாம்.

குளிர்காலம், மழையில்லை. கீழே ஆறு சன்னமாக மின்னியது. ஆயா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு வெகு நேரம் பார்த்தார்.

“இதுவா? இத்துனூண்டா?”

ரன்வேக்குத் திரும்பும்போது கையைத் தூக்கினேன். சக்கரம் தொட்டு, வண்டி நின்று, எஞ்சின் அணைந்த பிறகுதான் பேசினார்.

“அந்தப் படகுக்காரங்க வீடு எந்தப் பக்கம் இருந்துச்சுன்னு நீ காட்டவே இல்லையே.”

அடுத்த மாதம் கடல் பக்கமிருந்து வந்து காட்டுகிறேன் என்றேன்.