நாற்பது வேலியும் ஓர் இரவும்

நம் பள்ளியில் படித்த எவருக்கும் நந்தன் இரண்டு பேர். தமிழ் வகுப்பில் வந்தவன் ஒருவன், கோயில் பந்தலில் பாகவதர் பாடிச் சொன்ன கதையில் வந்தவன் இன்னொருவன். வகுப்பு நந்தன் செய்யுளோடு முடிந்து போனான். பந்தல் நந்தன்தான் டொராண்டோவுக்கும் சிட்னிக்கும் நம்மோடு கப்பலேறி வந்திருக்கிறான். இன்றைக்கு யாரையாவது நந்தனார் கதை சொல்லச் சொல்லுங்கள். சிதம்பரம் போக விடுப்புக் கேட்டான், ஆண்டை மறுத்தார், நாற்பது வேலி நிலத்தையும் விளைவித்துவிட்டுப் போ என்றார், ஒரே இரவில் விளைந்தது என்று சொல்வார்கள். பெரிய புராணத்தில் உள்ளதுதானே என்றும் சேர்த்துக்கொள்வார்கள்.

பெரிய புராணத்தில் அது இல்லை. ஆண்டையும் இல்லை, நாற்பது வேலியும் இல்லை.

கதை வளர்ந்த விதத்தைப் படிப்படியாகப் பார்த்தால்தான் இது விளங்கும். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் நந்தனுக்குக் கிடைத்தது அரை அடி: ‘செம்மையே திருநாளைப் போவார்க்கும் அடியேன்’. பெயர்கூட இல்லை, நாளைக்குப் போவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தவர் என்ற குறிப்பு மட்டும். நம்பியாண்டார் நம்பி அதை ஒரு பாட்டாக்கினார். அவர் ஊரான ஆதனூர், சிதம்பரமாகிய தில்லையின் அந்தணர் மூவாயிரவர் கைகூப்பியது, முனிவர் ஆனது எல்லாம் அதில் வந்துவிட்டன. 12-ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அதை 37 பாட்டாக விரித்தார். ஆதனூர்ச் சேரியின் கூரைகள், கோழிக்குஞ்சுகள், மரத்தில் தொங்கும் பறைகள் என்று அவர் போடும் சித்திரம் நேரில் நின்று பார்த்தவர் எழுதியது போல இருக்கும்.

சேக்கிழாரின் நந்தனுக்குப் பிழைப்புக்கு வழி உண்டு. ஊர்த் தொழிலுக்காக விடப்பட்ட பறைத்துடவை என்ற நிலத்தின் வருவாயில் வாழ்கிறார். சிவன் கோயில் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும் இழுத்துக் கட்டும் விசிவாரும் தருகிறார், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு தருகிறார், பூசைக்குக் கோரோசனை தருகிறார். தடுக்கும் முதலாளி என்று யாரும் கிடையாது. தடை எங்கே இருக்கிறது என்றால் பிறவியில் இருக்கிறது. இந்தப் பிறவிதான் தடை என்று அவரே எண்ணி மருகுகிறார், நாளை நாளை என்று தள்ளிப் போடுகிறார். அதாவது எதிரி மனசுக்குள் இருக்கிறான். அதைப் படிக்கிறவனுக்குக் கோபம் வராது, இரக்கம்தான் வரும்.

அறுநூறு எழுநூறு ஆண்டு கழித்து, மாயவரத்துக்கு வடக்கே ஆனந்ததாண்டவபுரத்தில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதி தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையில் தடையை வெளியே கொண்டுவந்து திண்ணையில் உட்கார வைத்தார். வேதியர் என்று ஒரு மிராசுதார், அவருக்குக் கீழே பண்ணையாளாக நந்தன். சேரிக்குள்ளேயும் எதிர்ப்பு: கருப்பனுக்குப் பலி கொடுப்பதை விட்டுவிட்டு உனக்கு எதற்குச் சிதம்பரம் என்று கிழவன் ஒருவன் மல்லுக்கு நிற்கிறான். அடியார் வரலாறாக இருந்தது இப்படித்தான் காவிரிக் கரை மிராசு கிராமத்தின் கதையாக மாறியது. 1861-இல் காரைக்காலில் ஒரு பிரெஞ்சு அதிகாரியின் உதவியோடு அது அச்சுக்கும் போயிற்று.

படித்தவர்களுக்கு இது எளிதில் தொண்டையில் இறங்கவில்லை. மாயவரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாரதி சிறப்புப் பாயிரம் (நூலைப் பாராட்டும் முன்னுரைப் பாட்டு) கேட்டு நடையாய் நடந்ததை உ.வே.சா. எழுதி வைத்திருக்கிறார். இலக்கணப் பிழை இருக்கிறது, புராணத்துக்கு மாறாகவும் இருக்கிறது என்று பிள்ளைக்குத் தயக்கம். கடைசியில் பாரதி பாடிக்கொண்டிருந்ததைக் காதால் கேட்டபிறகுதான் மனம் இளகிப் பாயிரம் தந்தார். ஏட்டில் படித்தபோது கண்ணுக்குப் பட்ட பிழை, பாட்டாகக் கேட்டபோது கரைந்துவிட்டது. என் கணக்கில் இந்தக் கலையின் இலக்கணம் முழுவதும் அந்தச் சம்பவத்தில் இருக்கிறது.

நாற்பது வேலி என்ற அளவையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. மா என்பது 33 செண்ட். ஆக ஒரு வேலி 6.6 ஏக்கர், நாற்பது வேலி 264 ஏக்கர். கை நடவு என்றால் ஏக்கருக்கு ஒரு நாளைக்குப் பன்னிரண்டிலிருந்து பதினைந்து பெண்கள் வேண்டும். குறைத்துப் போட்டாலும் நடவுக்கு மட்டும் மூவாயிரம் ஆளுக்கு மேல். (தில்லை மூவாயிரவருக்கு ஈடாக வயலில் ஒரு மூவாயிரவர்! பாரதி இதை நினைத்துச் செய்தாரோ இல்லையோ, கணக்கு அப்படி விழுகிறது.) உழவு, பரம்பு, நாற்றுப் பறிப்பு, களையெடுப்பு, அறுப்பு, களத்தடிப்பு எல்லாம் தனி. சம்பா என்றால் வயலில் ஐந்தாறு மாதம். இத்தனையையும் ஓர் இரவில் சிவகணங்கள் முடித்தன என்று பாகவதர் சொல்லும்போது, பந்தலில் உட்கார்ந்திருக்கும் குடியானவனுக்கு அது வெறும் அற்புதமாகப் படாது. எத்தனை ஆள் கூலி என்று அவன் மனசு தானாகக் கூட்டிப் பார்த்துவிடும். நட்டு அறுத்துப் பழகிய உடம்புக்குத்தான் அந்த இரவின் கனம் தெரியும்.

மாதமும் அப்படியே. நந்தன் சிதம்பரம் போகக் கேட்ட திருவாதிரை மார்கழியில் வருகிறது. மார்கழி என்றால் டெல்டாவில் சம்பா கதிர் முற்றி நிற்கும், தை அறுவடைக்குக் காவல் போடும் காலம். அந்த நேரத்தில் ஓர் ஆள் விடுப்புக் கேட்டால் எந்தப் பண்ணையில் விடுவார்கள்? ஆகவே ஆண்டை மறுப்பது கொடுமை மட்டுமல்ல, ஊர் வழக்கமும்கூட. கேட்பவர்களில் நாலு பேராவது அதே மறுப்பைச் சொன்னவர்களாக இருப்பார்கள், நாற்பது பேர் கேட்டவர்களாக இருப்பார்கள். இரண்டு தரப்பும் ஒரே பந்தலில் உட்கார்ந்து கேட்ட கதை இது. ஆண்டையைக் கோமாளியாக்கி நடிக்கும் பாகவதர்கள் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். சிரிப்பு வந்ததும் திண்ணைக்காரர் தப்பித்துவிடுவார். அவரை நியாயஸ்தராகவே பேசவிட வேண்டும். வரப்பு, மடை, களம், வரவேண்டிய நெல் என்று அவர் கணக்குச் சொல்லச் சொல்லத்தான் எதிரே நிற்பவன் கேட்பதன் பெருமை ஏறும்.

இந்தக் கதையை இப்படிப் பரப்பிய கருவி கதாகாலட்சேபம். தஞ்சாவூரில் மராட்டியர் ஆட்சியோடு வந்த கீர்த்தன முறையை எடுத்து, கர்நாடக இசையையும் தமிழ்ப் பாட்டையும் அதில் இழைத்தவர் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர். சாகி, திண்டி, ஓவி, அபங்கம், கட்கா என்ற மராட்டி மெட்டுகளோடு நம் விருத்தமும் நொண்டிச்சிந்தும் கண்ணியும் பந்தி போட்டு உட்கார்ந்தன. கதை நகர வேண்டுமா, சாகி. உருக வேண்டுமா, திண்டி. சண்டை என்றால் கட்கா. மெட்டு மாறும்போதே என்ன வரப்போகிறது என்று கிராமத்துக் கிழவிக்கும் தெரிந்துவிடும்.

பாகவதர் நின்றுகொண்டு சொல்வார். கையில் சப்ளாக்கட்டை: இரண்டு மரத்துண்டு, ஒன்றில் கட்டைவிரல், மற்றதில் மீதி விரல்கள், ஓரத்தில் பித்தளைச் சில்லுகள். பின்னால் பின்பாட்டு, ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா. முதலில் பூர்வபீடிகை: ஒரு பாட்டை எடுத்து அன்றைய கருத்தை நிறுத்துவது. அப்புறம் கதை, கடைசியில் மங்களம். அந்தக் காலத்தில் நாலு மணி நேரத்துக்குக் குறையாது. பின்பாட்டுக்காரரின் வேலை வெறும் எதிரொலி என்று நினைப்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பாகவதர் வசனத்தில் ஏறி இறங்கிவிட்டுத் திரும்பும்போது சுருதியைக் கீழே விழாமல் பிடித்து வைத்திருப்பவர் அவர். அவர் சுருதியில் அரைக் கட்டை தவறினால் அடுத்த பாட்டு எடுபடாது. எடுபடாத இடம் ‘வருகலாமோ’ என்றால், அன்றைய கதையே போச்சு.

மாஞ்சி ராகத்தில் உள்ள அந்தப் பாட்டு வாசலில் நிற்பவன் கேட்கும் கேள்வி. மாஞ்சி கிட்டத்தட்ட பைரவியின் சாயல் கொண்டது, ஆனால் வேகம் தாங்காது. அதைச் சங்கதி சங்கதியாக அடுக்கிக் கச்சேரியாக்கினால் கேள்வி காணாமல் போய்விடும். வரலாமா என்று கேட்பவன் குரலை உயர்த்துவானா? தணிந்த குரலில், இழுத்து, பதில் வராத இடைவெளி விட்டுப் பாட வேண்டும். பூர்விகல்யாணியில் வரும் ‘சற்றே விலகி இரும் பிள்ளாய்’ இதற்கு நேர் எதிர். அது சாமி நந்திக்குச் சொல்லும் வார்த்தை. உரிமையும் செல்லமும் கலந்தது, அதில் துள்ளல் இருக்கலாம்.

வெளியே நின்ற நந்தன் சாமியைப் பார்க்க நந்தி விலகியது சேக்கிழாரிலும் உண்டு. வைத்தீஸ்வரன்கோயிலுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டரில் திருப்புன்கூர். சிவலோகநாதர் சன்னதிக்கு எதிரே அந்தப் பெரிய நந்தி நேர்க்கோட்டில் இல்லாமல் ஒதுங்கி இருப்பதை நம் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர் எட்டிப் பார்த்திருக்கிறோம். நம்பிக்கைக்குக் கல்லில் ஒரு சாட்சி. கதை கேட்டவன் போய்க் கல்லைப் பார்க்கிறான், கல்லைப் பார்த்தவன் மறுபடி கதை கேட்கிறான். காரைக்காலில் மாங்கனியை வீசுவதும், சீர்காழியில் திருமுலைப்பால் விழாவும், திருவையாற்றில் ஆடி அமாவாசையன்று அப்பர் கண்ட கயிலைக் காட்சியும் இதே வேலையைத்தான் செய்கின்றன. கையில் ஒரு மாம்பழம் விழுந்துவிட்டால் அம்மையாரை மறக்க முடியுமா? இதே திருப்புன்கூரில் மழைக்காகப் பன்னிரண்டு வேலி நிலம், பெய்த மழை நிற்கப் பின்னும் பன்னிரண்டு வேலி என்று சாமி வாங்கிக்கொண்டதைச் சுந்தரர் பாடியிருக்கிறார். வேலிக்கணக்கு நம் மண்ணில் பக்திக்கும் கணக்கு.

வேறு மதத்தாரும் இதே மண்ணில் இதே வழியைத்தான் எடுத்தார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமைக் குறவஞ்சியாகப் பாடினார். இஸ்லாமியத் தமிழில் கிஸ்ஸா, நாமா, மசலா, படைப்போர் என்று கதை சொல்லவே தனித்தனி வகைகள் உண்டாயின.

பந்தல் நந்தனில் போன ஒன்றும் உண்டு. தோலும் நரம்பும். சேக்கிழார் ஆசையாகச் சொன்ன அந்தத் தொண்டு, பந்தலில் பெரும்பாலும் இரண்டு வாக்கியத்தில் ஓடிவிடுகிறது. ஆனால் பாகவதருக்குப் பின்னால் ஒலிக்கும் மிருதங்கத்தைப் பாருங்கள். தட்டுக்கு மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும், இழுத்துக் கட்டிய வார் எருமைத்தோல். நந்தன் கோயிலுக்குக் கொடுத்த பொருள் மேடையிலேயே இருக்கிறது. அதைக் கையால் தொட்டுக் காட்டி ஒரு நிமிடம் நிற்கும் பாகவதர் அரிது. இது என் நெடுநாள் குறை.

தில்லையில் தீ மூட்டும் கட்டம்தான் எல்லோருக்கும் கடினம். சாமி கனவில் சொல்ல, தீட்சிதர்கள் தீ வளர்க்க, நந்தன் அதில் புகுந்து பூணூலும் சடையுமாக முனிவராக எழுந்து உள்ளே போய் மறைகிறார். நூற்றாண்டாக இதைப் பலவிதமாகக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். தோலை மாற்றினால்தான் உள்ளே விடுவதா, எரித்ததைத்தான் இப்படிச் சொல்கிறார்களா என்றெல்லாம். அயோத்திதாசர் நந்தனைப் பௌத்த அரசனாகவே வேறு கதை சொன்னார். அதே நந்தன் பெயரில் சுவாமி சகஜானந்தர் 1916-இல் சிதம்பரத்தில் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். தீக்குள் போன இடத்துக்குப் பக்கத்தில் பலகையும் பாடமும் வந்தன. ஒரு கதையிலிருந்து ஒருவர் கேள்வி எடுக்கிறார், ஒருவர் கோபம் எடுக்கிறார், ஒருவர் பள்ளிக்கூடம் எடுக்கிறார். பாரதி ஆண்டையைத் திண்ணையில் உட்கார வைத்திராவிட்டால் இந்தக் கேள்விகளில் பாதி இவ்வளவு சத்தமாக எழுந்திருக்காது என்பது என் எண்ணம். அவரே கடைசியில் அந்த ஆண்டையை நந்தன் காலில் விழ வைத்து சமாதானம் செய்துவிட்டார் என்பதும் உண்மை.

வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாக்களில் இப்போது இந்தக் கதைக்கு எழுபத்தைந்து நிமிடம் தருகிறார்கள். போதும். பூர்வபீடிகைக்கு எட்டு, ஆதனூருக்குப் பத்து, திருப்புன்கூருக்குப் பன்னிரண்டு, ஆண்டைக்கு இருபது, நாற்பது வேலிக்குப் பத்து, தில்லைக்குப் பதினைந்து. வழக்கமாக நடப்பது என்னவென்றால், பூர்வபீடிகையும் கிளைக்கதைகளும் அரைமணியைத் தின்றுவிட, ஆண்டையைச் சுருக்கித் தீக்கு ஓடுவார்கள். அப்போது நந்தன் எதைத் தாண்டி வந்தான் என்பதே தெரியாமல் தீ மட்டும் எரியும். இன்னொன்று, மைக். சப்ளாக்கட்டையை வாய்க்கு முன்னால் உள்ள மைக்கருகே தட்டினால் வசனத்தில் பாதி அடிபட்டுப் போகும். கட்டை இடுப்பு உயரத்துக்கு மேல் வரக்கூடாது, மைக் கீழே பார்த்திருக்கக் கூடாது. தீக்கட்டத்தில் மிருதங்கத்தை நிறுத்திவிட்டுச் சுருதி மட்டும் ஓடட்டும்.

கதை தொடங்குமுன் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே பிறந்தவர்களுக்கு வேலி என்றால் தோட்டத்தைச் சுற்றிய வேலிதான், நாற்பது வேலி என்றதும் நாற்பது முள்கம்பி வரிசையைக் கற்பனை செய்துகொண்டு ஒரே இரவில் கட்டினார்களாக்கும் என்று உட்கார்ந்திருப்பார்கள். பெரிய பந்தயங்கள் ஆடும் கால்பந்து மைதானம் நூற்றைம்பதைப் பக்கம் பக்கமாக வைத்தால் அதுதான் நாற்பது வேலி என்று சொல்லுங்கள். அத்தனையும் சேறு, அத்தனையும் கையால் நட வேண்டும் என்றும் சொல்லிவிட்டுச் சப்ளாக்கட்டையை எடுக்கலாம்.