தவக்காலத்தில் செபத்தை விரிவாக்கிய அனுபவம்

செபமாலையும் மன்றாட்டுகளுமே இதுவரை என் செப வாழ்வாக இருந்தன. அவற்றை விட்டுவிடாமல், திருச்சபை நெடுங்காலமாகக் காத்துவரும் வேறு சில செப முறைகளையும் பழக வேண்டும் என்ற விருப்பத்துடன் இந்த ஆண்டு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனன்று தொடங்கினேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மேற்கொள்ளாமல், ஒன்று ஓரளவு பழகிய பிறகே அடுத்ததைச் சேர்த்துக்கொண்டேன்.

முதலில் எடுத்துக்கொண்டது, நாளின் வெவ்வேறு வேளைகளுக்கான செபங்களைக் கொண்ட திருப்புகழ்மாலை. குருக்களும் துறவியரும் நாள்தோறும் சொல்லும் இச்செபத்தைப் பொதுநிலையினரும் சொல்லுமாறு திருச்சபை ஆயர்களின் பேரவையான இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இலேயே ஊக்குவித்திருக்கிறது. ஏறக்குறைய எல்லாத் திருப்பாடல்களும் நான்கு வாரச் சுழற்சியில் இதில் வந்துவிடுகின்றன. வேலைக்குச் செல்பவர்களுக்கு இரவுச் செபமே எளிது என்று தோன்றியதால் அதை மட்டும் தேர்ந்துகொண்டேன்: ஒன்றோ இரண்டோ திருப்பாடல்கள், சிறு வாசகம், குழந்தை இயேசுவைக் கண்ட முதியவர் சிமியோனின் பாடல், இறுதியில் அன்னை மரியாவுக்கு ஒரு பாடல்.

வெள்ளி இரவுக்குரியது 88-ஆம் திருப்பாடல். புலம்பல் பாடல்கள் பெரும்பாலும் நம்பிக்கையின் பக்கம் திரும்பித்தான் முடியும். இதுவோ இருளைச் சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது. மன நிறைவோடு வீடு திரும்பிய ஒரு வெள்ளியன்று, கைவிடப்பட்டவரின் இந்தச் சொற்களை நான் ஏன் சொல்ல வேண்டும் என்ற கேள்வி எழுந்தது. அப்போது, மருத்துவமனையில் நெடுநாளாகப் படுத்திருக்கும் ஓர் உறவினர் நினைவுக்கு வர, அவருடைய வாயாக இருந்து அந்தப் பாடலை மீண்டும் முதலிலிருந்து மெதுவாகச் சொன்னேன். நானாகத் தேர்ந்தெடுத்துச் செபித்திருந்தால் இப்படியொரு பாடலை ஒருபோதும் தொட்டிருக்கமாட்டேன். என் மனநிலைக்கு ஏற்ற சொற்களை நான் தேடாமல், திருச்சபை தரும் சொற்களுக்குள் பிறருடைய துயரையும் ஏந்திச் செல்வதே இம்முறையின் பெரும் கொடை என்று நம்புகிறேன்.

அடுத்தது இறைவார்த்தையை வாசித்து, தியானித்து, செபித்து, அமைதியில் இறைவனோடு இருக்கும் முறை. இந்த நான்கு படிகளையும் 12-ஆம் நூற்றாண்டில் கார்த்தூசியன் சபைத் துறவி இரண்டாம் கீகோ முறைப்படுத்தி எழுதினார். தவக்காலத்துக்குரிய வாசகங்களில் ஒன்றான யோவான் நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தை எடுத்து, கிணற்றடியில் இயேசுவைச் சந்தித்த சமாரியப் பெண்ணின் நிகழ்வைப் பல காலைகளில் சிறு சிறு பகுதிகளாக வாசித்தேன். தண்ணீர் எடுக்க வந்தவர் குடத்தைக் கிணற்றடியிலேயே விட்டுவிட்டு ஊருக்குள் போகிறார். எத்தனையோ முறை திருப்பலியில் கேட்டும் என் காதில் விழாத அந்தக் குடம், இம்முறை என்னை நகரவிடவில்லை. நான் எதை விடாமல் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று கேட்டு, பதில் சொல்லாமல் சற்று நேரம் இருந்தேன். நான்காம் படியான அமைதி இன்னும் கைகூடவில்லை. அது நம் முயற்சியால் எட்டுவதன்று, இறைவன் தரும்போது பெறுவது என்றே ஆன்மிக ஆசிரியர்கள் கூறுகின்றனர்.

புனித லொயோலா இஞ்ஞாசியார் கற்பித்த, அன்றைய நாளை இறைவன் முன் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையைக் கடைசியாகச் சேர்த்தேன். பாவங்களை எண்ணுவதே ஆன்ம சோதனை என்று நினைப்பவர்கள் பலர். ஆனால் அவர் தரும் ஐந்து குறிப்புகளில் முதலாவது நன்றி கூறுவது. நன்றியில் தொடங்கும்போது, அன்று நான் கடுமையாகப் பேசிய ஒருவரின் முகம் குற்றச்சாட்டாக வராமல், மன்னிப்புக் கேட்க வேண்டியவரின் முகமாக வருகிறது.

இயேசுவின் பாடுகளை நினைவுகூரும் வெள்ளிக்கிழமைச் சிலுவைப் பாதையில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. பங்கு மக்களோடு 14 நிலைகளிலும் முழந்தாளிடுவதே போதுமானதாக இருந்தது. உயிர்ப்புப் பெருவிழாவோடு தொடங்கும் பாஸ்கா காலத்தில் இரவுச் செபத்தையும் ஆன்ம சோதனையையும் ஒன்றாக இணைத்துத் தொடர்ந்து, காலை வாசிப்புக்கு உயிர்த்த இயேசு சீடர் இருவரோடு வழிநடந்த எம்மாவு நிகழ்வைக் கூறும் லூக்கா 24-ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொள்வதாக இருக்கிறேன்.